மூன்றாவது குழி

அந்த டிவி மெக்கானிக்குக்கு அக்கா என்றால் உயிர். அவளோ முப்பது வருடமாக ஒரே பழைய வீடியோ கேமில், அதே மூன்றாவது குழியில் விழுந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. அந்த கேமின் கேசட்டைப் பிரித்தான். குழியின் அகலத்தில் திரைப்புள்ளி இரண்டே இரண்டைக் குறைத்து, புதுச் சிப்பில் ஏற்றி மாட்டினான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா ஆட உட்கார்ந்தாள். திரையில் பொம்மை தாவியது. குழியைத் தாண்டி நின்றே விட்டது! அவன் கைதட்டப் போனான்.

அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். "குழியில கை வச்சியா?"

"இல்லையே..."

"புளுகாத. முப்பது வருஷமா விழுறவளுக்கு அதோட அகலம் தெரியாதா? நான் விழுந்தா உனக்கு எங்க வலிக்குது? பழசை மாட்டு."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பழைய சிப்பையே மாட்டினான். அக்கா ஓடினாள், தாவினாள், தொபுக்கென்று விழுந்தாள். முகமெல்லாம் பல்.

"இதுதான்டா நம்ம குழி." ஜாய்ஸ்டிக்கை அவனிடம் நீட்டினாள். "நீ விழுந்து எத்தனை வருஷமாச்சு? வா, உட்காரு."