டியர் இஞ்சாருங்கோ

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் விஷயம் என்றால் காது தானாக நீண்டுவிடும். "மலர், உன்ர மூக்கை எல்லா இடத்திலையும் நுழைக்காதை" என்று என் தமக்கை சொல்லாத நாளில்லை. அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த தொழில்தான் கொமினிகேஷன் கடை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகலான ஒழுங்கை முனையில் இரண்டு டெலிபோன், மூன்று கொம்பியூட்டர், ஒரு ஃபொட்டோகொப்பி மெஷின், நடுவில் நான். ஒழுங்கைக்காரர் வெளிநாட்டுக்கு அனுப்பும் சிரிப்பும் அழுகையும் என் காதைத் தொட்டுவிட்டுத்தான் கடல் கடக்கும்.

எனக்கு வரும் குப்பை மெயில்களைக்கூட நான் அழிப்பதில்லை. வாசிப்பேன். அவற்றில் பாதி "டியர் சூசைதாசன்" என்றுதான் தொடங்கும். சூசைதாசன் என் அப்பா. மாதம்பிட்டிச் சேமக்காலையில் மண்ணுக்குள் படுத்திருக்கிறார். லொத்தரில் பரிசு விழுந்ததாகவும், யாரோ ஒரு ஜெனரலின் விதவை பெட்டி நிறையப் பணத்தை அவரிடம் ஒப்படைக்க விரும்புவதாகவும் கிழமைக்கொரு மெயில் வரும். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். என் அப்பா செத்தும் வென்றுகொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழுந்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வன்னியில் சண்டை முற்றியிருந்தது. கொழும்பில் பையைத் திறந்து காட்டாமல் பஸ் ஏற முடியாது. அந்தக் கிழமை என் கடைக்குள் வைரஸ் புகுந்திருந்தது. ஒருவன் பாட்டுப் பதியவென்று பென் டிரைவைச் செருகிவிட்டுப் போனான். மறுநாள் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் அதற்குள் அதே பெயரில் இன்னொன்று. பூனை குட்டி போட்டமாதிரி பெருகிக்கொண்டே போனது. மருதானையில் கொம்பியூட்டர் திருத்தும் தாஸிம் நானாவைக் கூப்பிட்டிருந்தேன். அவர் மூலை மெஷினின் முன்னால் இருந்து, "தங்கச்சி, இதுக்குள்ள வெளில இருந்து வந்தது மட்டும் நாலு வகை ஈக்கி" என்று ஏதோ மியூசியத்தில் நிற்பவர்போல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கனகேஸ்வரி அக்கா வந்தார். நாலு வீடு தள்ளி மேல்மாடியில் ஓர் அறையில் தனியாக இருக்கிறவர். மகள் வதனி நோர்வேயில். மகள் திறந்து கொடுத்த மெயில் பெட்டி ஒன்று அவருக்கு இருந்தது. பாஸ்வேர்ட் என் மண்டைக்குள் இருந்தது. அவருக்கு இங்கிலிஷ் ஓடாது. வருவதை நான் வாசித்துச் சொல்வேன், அவர் சொல்வதை நான் எழுதுவேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றேழில் ஒரு காலை அக்காவின் புருஷன் இராசரத்தினம் அந்த அறையிலிருந்து இறங்கி வேலைக்குப் போனார். திரும்பவில்லை. பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவரும் இல்லை, செத்ததைக் கண்டவரும் இல்லை. அக்கா ஏறாத பொலிஸ் இல்லை, எழுதாத முறைப்பாடு இல்லை. வெள்ளவத்தையில் நல்ல அனெக்ஸ் வீடு எடுத்துத் தருகிறேன் என்று மகள் கெஞ்சினாள். அக்கா அசையவில்லை. "அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்டுதானே" என்பார். மகள் நோர்வேக்குக் கூப்பிட்டபோதும் அதே பதில்தான். பதினொரு வருஷம் இழுத்தடித்து, போன மாதம்தான் ஓம் என்றார். விசா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம். நாங்கள் எல்லாரும் அப்பாடா என்றிருந்தோம்.

"வதனியிட்டை இருந்து வந்திருக்கு, அக்கா" என்று மெயிலைத் திறந்தேன். வழக்கமாக அவள் தமிழைத்தான் இங்கிலிஷ் எழுத்தில் எழுதுவாள். இது முழுக்க இங்கிலிஷ். வாசிக்க வாசிக்கத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

"இதை எழுத வெக்கமாயிருக்கு. ஒரு அலுவலா லோமேக்கு வந்த இடத்திலை பையைப் பறிகொடுத்திட்டன். பாஸ்போட், ஃபோன் எல்லாம் அதுக்குள்ளை. ஹோட்டல்காரர் வெளியிலை போக விடுகினம் இல்லை. ஃபோனிலை கதைக்கேலாது. கெதியாக் காசு அனுப்பினால்தான் தப்பலாம். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். இப்படிக்கு…"

அங்கே நான் நின்றுவிட்டேன்.

"இப்படிக்கு ஆர்?" என்றார் அக்கா.

"இராசரத்தினம்."

அக்கா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "திருப்பி வாசியும்" என்றார். வாசித்தேன். "கடைசி வரியை மட்டும்." அதையும் வாசித்தேன்.

வேறு ஊரிலென்றால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் லோமே என்பது பக்கத்து ஜா-எல மாதிரிப் பழகின பெயர். ஏஜென்சிக்காரன் ஐரோப்பாவுக்கு என்று கூட்டிக்கொண்டுபோய், ஆபிரிக்காவில் இறக்கிவிட்டுத் தலைமறைவாவான். பாஸ்போட் இல்லாமல் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த பொடியன்கள் எத்தனை பேர் என் கடை டெலிபோனில் அழுதிருக்கிறார்கள்! ஒருத்தருக்கும் சொல்லாதே என்பதும் எங்களுக்குப் பழக்கமான வசனம்தான். அந்த மெயிலில் ஒரு சொல்கூட அக்காவுக்குப் பொய்யாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் முதலில் மயிர்க்கூச்செறிந்தது.

"மகளின்ர பெட்டியிலை இருந்து ஏனக்கா எழுதுறார்?" என்றேன்.

"அவளைத் தேடிப் பிடிச்சிருப்பார். அவள்தான் பெட்டியைக் குடுத்திருப்பாள். நான் பயந்து ஏங்கிப்போவன் எண்டு எனக்கு ஒளிச்சிருக்கிறாள்." அக்காவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பதினொரு வருஷம் பதில்களைத் தயார்பண்ணி வைத்திருந்தவர் அல்லவா? கையிலிருந்த காப்புகளைக் கழற்றத் தொடங்கினார். "செட்டியார் தெருவிலை இதுகளை வித்திட்டு வருவம், வாரும். பிளேன் ரிக்கற்றையும் நிப்பாட்ட வேணும். அவர் வரேக்கை அறை பூட்டிக் கிடக்கிறதே?"

காப்பு போனால் வேறு வாங்கலாம். இந்த முறை விமானத்தை விட்டால் அக்கா அந்த அறையிலேயே காத்திருந்து காத்திருந்து முடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும். வதனிக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை, வேலைக்குப் போயிருப்பாள்.

"காசு அனுப்பமுன்னம் ஒரு பதில் போட்டுப் பாப்பம், அக்கா. அவர்தானோ எண்டு ஏதாவது கேளுங்கோ."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சாப்பிட்டவரோ எண்டு கேளும்."

"எப்படித் தொடங்கிறது? பேரைப் போடட்டோ?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நான் எப்ப அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனான்? இஞ்சாருங்கோ எண்டு எழுதும்."

இஞ்சாருங்கோவுக்கு இங்கிலிஷில் சொல் ஏது? அந்தச் சொல்லை அப்படியே இங்கிலிஷ் எழுத்தில் முதல் வரியில் தனியாகப் போட்டுவிட்டு, மிச்சத்தை இங்கிலிஷில் எழுதி அனுப்பினேன். தாஸிம் நானா வைரஸை விட்டுவிட்டு எங்கள் பக்கம் கதிரையைத் திருப்பியிருந்தார். பிளேன்ரீ வந்தது. குடித்து முடிக்குமுன் பதிலும் வந்துவிட்டது. நான் சத்தமாக வாசித்தேன்.

"டியர் இஞ்சாருங்கோ, உங்கள் பதில் கண்டு ஆண்டவருக்கு நன்றி…"

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். தேநீர் மூக்கால் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. முதல் வரியில் கிடந்த சொல்லை அக்காவின் பெயர் என்று எடுத்திருக்கிறான் இவன். அப்படியென்றால் இராசரத்தினத்தையும் எங்கிருந்தோ அப்படித்தான் எடுத்திருப்பான். வதனியின் விலாசத்தைப் பார்த்தேன். வதனி இராசரத்தினம். எங்களுக்கு அது தகப்பன் பெயர். வெளியாருக்குக் கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர். என் பெயரின் கடைசியில் நிற்கும் செத்த சூசைதாசனுக்கு லொத்தர் விழுந்தது எப்படியோ, அப்படியேதான் காணாமல்போன இராசரத்தினமும் லோமேயில் முளைத்திருக்கிறார்.

எழுந்துபோய் நானாவின் காதில் சொன்னேன். அவர் தலையாட்டினார். "மகள்ட பாஸ்வேர்டக் கள்ளன் தூண்டில் போட்டு எடுத்தீக்கான். பெட்டி நெரம்பிட்டு, பாஸ்வேர்டத் தாங்க எண்டு கம்பெனிலருந்து வந்தமாதிரி ஒரு மெயில் அனுப்புவானுங்க. குடுத்தா முடிஞ்சி. பெட்டி அவன்ட. அதுல ஈக்கிற எல்லாருக்கும் இதே கதைய எழுதுவான்."

"என்ர கடை வைரஸாலையோ, நானா?"

"சேச்சே. ஒங்கட வைரஸ் பாவம். அது குட்டி மட்டுந்தான் போடும்."

காரணம் பிடிபட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. புதிர் அவிழ்ந்த சந்தோஷம். திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது செத்தது. இதை எந்த வாயால் சொல்வது?

"மலர், வாரும்" என்று அக்கா கூப்பிட்டார். "அண்டைக்குக் கொண்டுபோன குடை கையிலை இருக்கோ எண்டு கேளும்."

கேட்டேன். பையோடு குடையும் போய்விட்டது, காசு எப்போது வரும் என்று பதில் வந்தது.

"முழங்கால் நோ எப்பிடியாம்?"

நோ கூடிவிட்டதாம். வைத்தியருக்கும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதை நீட்டினாலும் பிடித்துக்கொள்கிறான் சண்டாளன்! "அக்கா, காணும், விடுங்கோ" என்றேன். அக்கா கையைக் காட்டி என்னை அமர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்குக் காலமை நான் வாய்க்கு வந்தபடி ஏசினனான். அவர் சாப்பிடாமல்தான் படியிறங்கினவர். அந்தக் கோவம் இன்னும் இருக்கோ எண்டு கேளும்."

இவ்வளவு காலம் அவருடைய எல்லா மெயிலையும் எழுதியவள் நான். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதையும் தட்டி அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருந்தபோதுதான் டெலிபோன் அடித்தது. வதனி.

"மலரக்கா, என்ர மெயிலை ஆரோ களவெடுத்திட்டாங்கள்! பெட்டி நிறைஞ்சிட்டுது எண்டு ஒண்டு வந்தது, விசரி மாதிரிப் பாஸ்வேர்டைக் குடுத்திட்டன். இப்ப எனக்கே திறக்குதில்லை. அம்மாவுக்கு ஏதும் வந்தால் நம்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

ரிசீவரை அக்காவிடம் கொடுத்தேன். அவர் காதில் வைத்து, "ஓம்… ஓம் பிள்ளை… விளங்குது… நீ அழாதை" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டு மறுபடி திரைக்கு முன்னால் வந்து இருந்தார். பதில் வந்திருந்தது.

"வாசியும்."

"அக்கா, அது கள்ளன். வதனி சொன்னவள்தானே…"

"கள்ளன் எண்டு எனக்குத் தெரியும், மலர். டியர் இஞ்சாருங்கோ எண்டவுடனேயே தெரியும். அந்தச் சொல் நான் அவரைக் கூப்பிடுறது."

"பிறகேன் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்?"

"பொலிசிலை கேட்டனான், செஞ்சிலுவையிலை கேட்டனான், ஜிந்துப்பிட்டி முருகனிட்டைக் கேட்டனான். ஒருத்தரும் ஒரு மறுமொழியும் சொல்லேல்லை. இவன் ஒருத்தன்தான் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னவன்."

தாஸிம் நானா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் வாசித்தேன்.

"எனக்கு உன்னில் ஒரு கோபமும் இல்லை, டியர். எப்போதும் இருந்ததில்லை. தயவுசெய்து காசை அனுப்பு."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். நானும் அழுதேன். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு திருடன் காசுக்காகத் தட்டிய வரி அது. அதைக் கேட்கத்தான் இந்த மனுஷி அந்த அறையைவிட்டு அசையாமல் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அழுது முடித்து, காப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். "இன்னொண்டு எழுதும். கடைசி" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"வெள்ளிக்கிழமை நான் மகளிட்டைப் போறன். வீட்டுக்காரரிட்டை விலாசம் குடுத்திருக்கிறன். வந்தால் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கை வாங்கோ."

"இதை இந்தக் கள்ளனுக்கோ, அக்கா?"

"வேறை எங்கை அனுப்புறது, மலர்?"

அனுப்பினேன். மறுமொழி வருமுன் கொம்பியூட்டரை நிறுத்திவிட்டேன்.