பட்டியலில் முதல் எண்

அவள் நேராகப் போய்க் கணினியின் ஒயரைப் பிடுங்கப் பார்த்தாள். அண்ணன் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"அப்பாவை அடுத்த ரூம்ல கிடத்திட்டு வாழ்த்து அனுப்பிக்கிட்டு இருக்க. உனக்கே அசிங்கமா இல்ல?"

"நாலு லட்சம் பேருக்குப் போகணும். புத்தாண்டு வாழ்த்து நாளைக்குப் போனா எந்தக் கடைக்காரன் ஒத்துக்குவான்? வண்டி வர அரை மணி நேரம் இருக்கு. அழறதுன்னா உள்ள போய் அழு."

அழுகை வந்தால்தானே. கடைகளின் வாழ்த்துகளை மொத்தமாகச் செல்போன்களுக்கு அனுப்புவது அப்பாவின் தொழில். அவளுக்குத் தொலைபேசி நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் வேலை. கேட்காமல் வந்து விழும் குறுஞ்செய்திகளைப் பற்றி எட்டு வருடத்துக்கு முன் வந்த புகார்க் கட்டு ஒன்றில் அப்பாவின் கம்பெனி பெயரும் இருந்தது. நடவடிக்கை எடுக்கச் சொல்லித் தயங்காமல் கையெழுத்துப் போட்டாள். வியாபாரம் சூடு பிடிக்கிற புத்தாண்டு அன்றைக்கே அவருடைய இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அவர் வேறொரு நிறுவனத்தில் இணைப்பு வாங்கித் தொழிலைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் செத்த செய்தியைக்கூட அண்ணன் நேற்று சாயங்காலம் குறுஞ்செய்தியில்தான் அனுப்பினான்: அப்பா போயிட்டார், பத்தரைக்கு எடுக்கிறோம்.

அண்ணன் பொத்தானைத் தட்டினான். அவள் கைப்பையில் போன் கிணுகிணுத்தது. ஏதோ டயர் கடை. உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் இனிய புத்தாண்டு நல்வாழ்த்துகள்.

எட்டு வருடமாக இதே ரோதனை. கண்ணாடிக் கடை, மெத்தைக் கடை, நாய் ஆஸ்பத்திரி கூட விட்டுவைக்கவில்லை. ஒன்றைத் தடை செய்தால் அடுத்த விசேஷத்துக்கு இன்னொன்று முளைக்கும்.

"இதுல என் நம்பர் எப்படி வந்துச்சு? முதல்ல அதை எடு."

"நான் போட்டதில்ல. பட்டியல்ல முதல் நம்பர் சோதனைக்கு. அது போய்ச் சேர்ந்தாத்தான் மத்ததை விடுவோம். இந்தத் தொழில்ல எல்லாரும் சொந்த நம்பரைப் போடுவாங்க. இவரு உன்னுதைப் போட்டாரு."

"எதுக்கு?"

"நானும் கேட்டேன். புகார் குடுக்கறாளா பார்ப்போம்னாரு. திரையில 'சேர்ந்தது'ன்னு வர்ற வரைக்கும் டீயைத் தொட மாட்டாரு. பாசம்னு நெனச்சு உருகிடாத. அவரு வீம்பு உனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரார் புகாரையெல்லாம் அன்றாடம் எழுதுகிறவள் அவள். தன் புகாரை எழுத இரண்டு நிமிடம் போதும். எட்டு வருடத்தில் ஒன்றுகூட எழுதவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

"சொந்தமா ஒரு வார்த்தை அனுப்ப அவருக்கு விரல் வளையலையா?"

"உனக்கு வளைஞ்சுதா?"

அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"எடுக்கட்டுமா, வேணாமா? அடுத்தது செருப்புக் கடை. நேரமாகுது."

வேண்டாம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. அண்ணன் உதட்டோரத்தில் இளக்காரமாக ஒரு சிரிப்பு. அதைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடு."

அண்ணன் அவள் எண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் தன் எண்ணை அடித்தான். பொத்தானைத் தட்டினான். மேஜைமேல் கிடந்த அவன் போன் கிணுகிணுத்தது. திரையில் 'சேர்ந்தது' என்று வந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே எல்லோரும் எழுந்துகொண்டார்கள். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். செருப்புக் கடை வாழ்த்து வரவில்லை. சிக்னல் முழுதாகத்தான் இருந்தது.