ஏழு பிரதிகளின் உயரம்

1

தலையில் உதித்த கதை என்று சொல்லத்தான் ஆசை. இது கழுத்தில் பிடித்துக்கொண்ட கதை.

இதை எழுதுகிறவர், நாற்காலிக் கம்பெனி ஒன்றுக்குச் 'சரியாக உட்காருவது எப்படி' என்று கையேடு எழுதிக்கொடுத்தவர். சாப்பாட்டு மேசையில் கூனிக்கொண்டு எழுதினார். கையேட்டின் விதி: திரை கண்ணுக்கு நேராக, மணிக்கட்டு முழங்கைக்கு நேராக. மடிக்கணினியில் இரண்டும் சேர்ந்து நடக்காது. (கம்பெனி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.)

"தனியா ஒரு கீபோர்டு வாங்குங்க" என்றாள் மனைவி.

"புத்தகமே போட்டவன் நான். எனக்கே சொல்றியா?"

மடிக்கணினியைத் தன் நாவலின் விற்காத ஏழு பிரதிகள் மேல் ஏற்றிவைத்தார்.

"பரவாயில்ல, உங்க நாவல் ஒருத்தரையாவது நிமிர வெச்சிருக்கு."

கழுத்து நிமிர்ந்தது. கைகள் நெஞ்சு உயரத்துக்குப் போய், மணிக்கட்டு மடங்கி, மூன்றே மாதத்தில் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. இனியும் தட்டினால் உணர்ச்சி திரும்பாது என்றார் மருத்துவர். வீட்டில் அவர் அதற்குச் சொன்ன பெயர் சுளுக்கு.

2

அவர் தட்டிப் பார்த்த கதைத் தொடக்கங்கள்:

'குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்து' (எந்த அலுவலகத்தில்? நீக்கவும்.)

'காலை ஒன்பதுக்கு அவன் கட்டைவிரல்' (பாதியில் விடப்பட்டது. விரலும்தான்.)

3

இங்கிருந்து எழுத்தாளர் சொல்லச் சொல்லத் தட்டுவது மனைவி. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். காதில் விழுந்ததில் ஒரு சொல் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். அவளைக் கூப்பிட்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எழுத்தாளருக்கு இன்னும் தெரியாது.

'குமாஸ்தா மூன்று கோப்பைகளை உடைத்தான். கை தவறிவிட்டது என்றான் மனைவியிடம். கோப்பையைப் பிடித்திருப்பதே அவன் விரல்களுக்குத் தெரியவில்லை.'

(தட்டும் சத்தம் நின்றது.)

"நம்ம வீட்லயும் மூணுதான் உடைஞ்சுது."

"தற்செயல்."

"அதையும் தட்டவா?"

(தட்டியாயிற்று.)

"கவனமே இல்லாத மனுஷன்னு மூணு தடவையும் திட்டினேன். வாயைத் திறக்காம வாங்கிக்கிட்டீங்களே."

"கீபோர்டு வாங்குங்கன்னு அன்னிக்கே சொன்னேன்னு சொல்லுவ. அதுக்குத்தான்."

(தட்டுபவரின் கண் கலங்கியது. பதிவுக்குத் தேவையில்லை, இருந்தாலும் இருக்கட்டும்.)

4

எழுத்தாளர் அவசரமாக இரண்டு முடிவுகள் சொன்னார்.

அ: குமாஸ்தாவுக்கு உண்மையிலேயே சுளுக்கு. கதை பிழைக்கும், கை பிழைக்காது.

ஆ: குமாஸ்தா ஒத்துக்கொள்கிறான். கை ஒருவேளை பிழைக்கும். ஆயுள் முழுக்க 'அன்னிக்கே சொன்னேன்' கேட்க வேண்டும்.

"குமாஸ்தா கிடக்கட்டும். கையைக் கொடுங்க. கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடறேன், சொல்லுங்க."

(கண்ணை மூடினார். ஏழு பிரதிகளும் தரைக்கு இறக்கப்பட்டன.)

(தட்டுபவரின் குறிப்பு: எந்த விரல் என்று கதாசிரியர் இன்னும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்ததிலிருந்து ஒரு கையால் தட்டியாயிற்று. இப்போது என் இரண்டு கையும் அந்தக் கைக்குத் தேவைப்படுவதால் பதிவு நிறுத்தப்படுகிறது. முடிவை வாசிப்பவரே எழுதிக்கொள்ளவும். நிமிர்ந்து உட்கார்ந்து.)