நானே செய்த கார்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தபோது அப்பா கண்ணைத் திறந்தார். அவன் வந்து இறங்கிய மூன்று நாளில் இதுதான் முதல் தடவை. அவன் குனிந்தான். அப்பாவின் பார்வை அவன் முகத்தில் நின்றது, நெற்றிக்குப் போனது, மறுபடியும் முகத்துக்கே வந்தது. ஆளைத் தெரிந்துவிட்டது.

“பெட்டி போச்சா?” என்றார்.

“எந்தப் பெட்டிப்பா?”

கண் மூடிக்கொண்டது. பதினொன்று நாற்பதுக்கு மூச்சும் நின்றது. அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போர்வை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். “தப்புதான்டா” என்று சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. “எப்போ வந்தே?” என்று கேட்டாலே மீதியை இவனே பேசி முடித்துவிடுவான். ஐந்து வருஷக் கோபத்தை அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்துகொண்டுதான் வந்திருந்தான். அந்த மனுஷன் கடைசி மூச்சை வைத்துக்கொண்டு பெட்டியைக் கேட்டார்.

“ரேஸ் பெட்டிடா,” என்றாள் அம்மா. “பல் டாக்டர் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தாரு. நேத்தே வந்திருக்கணும். அதுதான் மனசுல இருந்திருக்கும்.”

“அதுதான் இருந்திருக்கும்,” என்றான். வேறு என்ன இருக்கப்போகிறது.

அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, பொய்த் தராசுக்குச் சீல் வைத்து, அந்தக் கடைக்காரர்கள் யாரும் பண்டிகைக்குக்கூட வீட்டுப் பக்கம் வராதபடி வாழ்ந்தவர். அப்படிப்பட்டவருக்கு உள்ளங்கை நீளக் கார்களின் மேல் ஆசை வந்தது. மேஜை மேல் தடம், தடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தில் காரின் மூக்கு, கையில் ஒரு விசை. ஸ்லாட் கார். இதற்கென்று ஆறு ஊர்களில் ஆறு கிளப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள், வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள்.

இந்த ஆறையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது அப்பாதான். ப்ராக்ஸி ரேஸ் என்று பெயர். செய்தவன் ஊர் ஊராக அலைய வேண்டாம். கார் மட்டும் போகும். எல்லாருடைய கார்களும் ஒரே பெட்டியில் ஒவ்வொரு கிளப்பாகப் பயணம் செய்யும். அங்கே இருப்பவர்கள் உனக்காக உன் காரை ஓட்டுவார்கள், நேரம் குறிப்பார்கள், துடைத்து அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். உன் காரை ஓட்டுகிறவனை நீ பார்த்தே இருக்க மாட்டாய். ஆனாலும் அவன் அதைத் தன் கார் மாதிரி ஓட்டுவான். அதுதான் இந்த விளையாட்டின் மரியாதை.

விதிகள் பதினேழு. எழுதியவர் அப்பா.

ஐந்து வருஷத்துக்கு முன், ஏழு மாதம் உட்கார்ந்து அவன் ஒரு கார் செய்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை முடித்து வந்து, கிரீஸ் கறை போகாத விரல்களோடு செய்த கார். மேல்கூடு பதினெட்டு கிராமுக்குக் குறையக் கூடாது என்பது ஆறாவது விதி. முதல் சுற்று நாளன்று, பதினைந்து பேர் பார்த்திருக்க, அப்பா கூட்டைக் கழற்றித் தராசில் வைத்தார். பதினேழு புள்ளி ஆறு.

“ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்ப்பா. அரை மணி நேரம் கொடுங்க.”

“ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம், என் பிள்ளைக்கு ஒரு சட்டமா? போட்டியிலிருந்து விலக்கு.”

ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவனைக் கிளப்பியது. “என்னைப் பெத்தப்பவும் தராசுல வெச்சுப் பார்த்துதான் வீட்டுக்குக் கொண்டாந்தீங்களா?” என்றான். அப்பா அடுத்த காரை எடுத்தார். அந்த மாதமே அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். இரண்டு பேரும் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள். நடுவில் அம்மா போன் பேசினாள். அங்கே மழையாம், இங்கே வெயிலாம் என்று இரண்டு பக்கமும் வானிலைதான் போய் வந்தது.

மறுநாள் காலை பல் டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், அறுபதுக்குப் பக்கம். கூடத்தில் அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேராக அவனிடம் வந்து, இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசியில இப்படியா தம்பி நாம நேர்ல பார்க்கணும்!”

அவன் இவரை வாழ்க்கையில் பார்த்ததில்லை. துக்க வீட்டில் யார் எது சொன்னாலும் தலையாட்டுவதுதான் முறை என்பதால் ஆட்டிவைத்தான்.

“இந்த நேரத்துல கேட்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை கடைசி சுற்று, எங்க கிளப்புல. பெட்டியை ஆள் ஆளாத்தான் மாத்தணும், கூரியர்ல கடைசி சுற்றுக்கு அனுப்பக் கூடாதுன்னு அப்பாவோட...”

“விதி.”

“பதினாலாவது,” என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அமரர் வண்டி பதினொரு மணிக்குத்தான் வரும். அம்மா கூடத்திலிருந்தே, “எடுத்துக் கொடுத்துடுடா. அவர் கேட்டது அது ஒண்ணுதான்,” என்றாள்.

அப்பாவின் அறையில் பெட்டி மேஜை மேலேயே இருந்தது. அலுமினியப் பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை வெட்டிச் செய்த குழிகள், குழிக்கு ஒரு கார், இருபத்தோரு கார். ஒவ்வொன்றோடும் செய்தவர் எழுதிய ஒரு குறிப்புச் சீட்டு. டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இது அப்பாவோடது. பதினொண்ணாவது இடத்துல இருக்கு. போட்டியாளர் இறந்துட்டா கார் வாபஸ்னு விதி. எடுத்துடறேன், அம்மாகிட்ட கொடுத்துடுங்க.” ஒரு பச்சைக் காரை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு பதினாறாம் குழியிலிருந்து ஒரு வெள்ளைக் காரைத் தூக்கினார், கைக்குழந்தையைத் தூக்குவது போல. “உங்களது மூணாவது. ஞாயித்துக்கிழமை ரெண்டாவதா வந்துடும் பாருங்க. நானே ஓட்டறேன்.”

“என்னோடதா?”

“வேற யாரோடது?” டாக்டர் சிரித்தார். “அப்பாவே சொல்வாரே, ‘என் கார் ஓடும், அவன் கார் பறக்கும். அவன் கை எனக்கு வராது’ன்னு. அஞ்சு வருஷமா இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம்.”

அவன் காரை வாங்கினான். தடத்தில் இறங்கும் மூக்கு, பித்தளைத் தகடு, அச்சில் கொடுத்திருந்த மயிரிழை இடைவெளி. அவன் செய்தால் எப்படிச் செய்வானோ அப்படி. அவன் விட்டுப்போன காரை யாரோ நாள் கணக்கில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தால் மட்டுமே வரக்கூடிய வேலை. குறிப்புச் சீட்டைப் பிரித்தான். கணினியில் அச்சடித்தது. கீழே அவன் பெயர்.

“வளைவில் பயப்பட வேண்டாம், பிடித்துக்கொள்ளும். நேர்பாதை முடிவில் விசையைக் கொஞ்சம் சீக்கிரம் விடவும். எடை போடும்போது என் அப்பா பக்கத்தில் இருந்தால் காரை ஒளித்து வைக்கவும். அந்த ஆளுக்குத் தராசைத் தவிர எதுவும் தெரியாது.”

அப்பா வேடிக்கையாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. தன்னைக் கேலி செய்ய அவருக்கு ஒரு மகன் தேவைப்பட்டிருக்கிறான். இருந்தவன் போய்விட்டதால் ஒருவனைச் செய்துகொண்டிருக்கிறார்.

“உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும் தம்பி. இந்த விலாசத்துக்குப் போட்ட லெட்டர்ல சொல்லியிருக்கேன், ஆனாலும் நேர்ல சொல்லணும்.” டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “என் பொண்ணு பேசறதில்லன்னு எழுதியிருந்தேன் இல்ல? நீங்க பதில் போட்டீங்க. ‘பேசாம இருக்கறது எல்லாம் கோவம் இல்ல டாக்டர். யாரு முதல்ல ஆரம்பிக்கறதுன்னு தெரியாத கூச்சம். நீங்க பெரியவர், நீங்களே ஆரம்பிங்க. சாப்டியான்னு கேளுங்க, போதும்’னு. அன்னைக்கே போன் பண்ணினேன். சாப்டியாம்மான்னுதான் கேட்டேன். அழுதுட்டா. இப்போ வாரா வாரம் வர்றா.”

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே ஊரான் பெண்ணுக்கு ஊட்டியாகிவிட்டது. தன் பிள்ளையிடம் அதே இரண்டு வார்த்தையைக் கேட்க இந்த மனுஷனுக்கு ஐந்து வருஷம் போதவில்லை. வழி தெரியாமல் இருந்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். தெரிந்திருக்கிறது. எழுத்தில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

டாக்டர் பட்டியலைத் திருப்பினார். கடைசிச் சுற்றுக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு வரியின் கீழ்க் கையெழுத்துப் போட வேண்டும்: இது நானே செய்த கார். இருபது கட்டங்கள் நிரம்பியிருந்தன. பதினாறுக்கு நேரே மட்டும் காலி.

“இது மட்டும் உங்ககிட்ட வாங்கணும்னு அப்பா விட்டு வெச்சிருந்தாரு போல. எப்பவும் தபால்ல வாங்கிடுவாரு.” பேனாவை நீட்டினார்.

அவன் பேனாவை வாங்கினான். போட்டுவிடலாம். அவன் பெயர்தான், அவன் கையெழுத்துதான். போட்டால் ஐந்து வருஷமும் நடக்கவே நடக்காததாகிவிடும். அப்பாவோடு கடிதம் போட்டு, கேலி செய்து, மூன்றாவதாக வந்துகொண்டிருக்கிற ஒரு நல்ல மகனுக்கு இவன் உடம்பைக் கொடுத்துவிடலாம். பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவன் என்ன ஆவான்? அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே.

“இது நான் செஞ்சதில்ல, டாக்டர்.”

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. காரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மேஜை மேல் வரிசையாக இருந்த அரங்களைப் பார்த்தார்.

“அப்போ என் பொண்ணு விஷயம்...”

“அதுவும் அவருதான். அஞ்சு வருஷமா நாங்க பேசல.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தம்பி, நீங்க சொன்னது என் காதுல விழல. கையெழுத்தைப் போடுங்க. அவர் கடைசியா செஞ்ச கார்.”

“நானே செய்யாத காருக்கு நான் கையெழுத்துப் போட்டா, அவர் விட்டிருப்பாரா?”

அப்பன் பேச்சு தப்பாமல் வாயில் வந்திருந்தது.

“அப்போ விலக்கு,” என்றார் டாக்டர், யாருக்கும் கேட்காத மாதிரி. பையிலிருந்து அடிமட்டமும் சிவப்புப் பேனாவும் எடுத்து, பதினாறாம் வரியின் மேல் நேராகக் கோடு போட்டார். பிறகு நான்கை மூன்றாக்கினார், ஐந்தை நான்காக்கினார். கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் மேலே ஏறினார்கள். அதைச் செய்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று எங்கோ நினைத்திருந்தான் போல. ஒன்றும் இல்லை. அவமானப்பட வேண்டியவர் கூடத்தில் படுத்திருந்தார். அவருக்கு இனி எதுவும் கேட்காது, இவன் கத்தினாலும், காலில் விழுந்தாலும்.

டாக்டர் பெட்டியை மூடிப் பூட்டினார். கதவைத் திறந்தபோது அம்மா வெளியே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பட்டியலை டாக்டர் மடிப்பதற்குள் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டாள்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“லெட்டர் எல்லாம் நான்தானே போஸ்ட் பண்ணினேன்.” அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். “அச்சடிக்கறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. ‘அவன் இப்படித்தானே சொல்லுவான்?’னு கேப்பாரு. ஆமான்னு சொல்லுவேன்.” புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “ஒரு கையெழுத்துதானேடா.”

திரும்பிக் கூடத்துக்குப் போய்விட்டாள். டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைத் தொடாமல் கடந்து போனார்.

வண்டி வந்துவிட்டது என்று தெருவிலிருந்து யாரோ சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் மூன்று பேர் கூடத்தில் தயாராக நின்றார்கள். தலைமாட்டில் இடது பக்கம் அவனுக்கு விட்டு வைத்திருந்தார்கள். அவன் போய் நின்ற பிறகுதான் வெள்ளைக் கார் இன்னும் கையில் இருப்பதைக் கவனித்தான். சட்டைப் பையில் நுழைத்துப் பார்த்தான், கொள்ளவில்லை. பக்கத்து மேஜை நிறைய யார் யாரோ குடித்து வைத்த டம்ளர்கள். அம்மாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கையும் வேணும் தம்பி,” என்றார் எதிரே குனிந்து நின்றவர்.

“ஒரு நிமிஷம்,” என்றான் அவன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.