மடிப்பு விழாத சப்பாத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிச்சைமுத்துவின் வீட்டுக் கூடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. செமோர் தாமான் குடியிருப்பில் உள்ள சின்ன வீடு அது. நாலு பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் கூடத்தின் நடுவில் பழைய நாளிதழை விரித்து, கிழிந்த பனியன் துணி, குதிரைமுடி பிரஷ், மெழுகு பாலிஷ் டப்பா, ஒரு மூடியில் தண்ணீர் என்று பரப்பிக்கொண்டு சம்மணம் போட்டுவிடுவார். எதிரே பழுப்பு நிறத் தோல் சப்பாத்து ஒரு ஜோடி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருக்கும்.

முதலில் ஈரத்துணியால் துடைப்பார். காய்ந்ததும் கிரீம் போடுவார். அதற்குப் பிறகுதான் அசல் வேலை. விரலில் துணியைச் சுற்றி, பாலிஷில் ஒரு தொடல், தண்ணீரில் ஒரு தொடல், அப்புறம் சப்பாத்தின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பு. கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியதைப் பார்த்துப் பழகியது. வெள்ளைக்காரர் பேசியது ஒரு வரிகூடப் புரியவில்லை என்றாலும் கை புரிந்துகொண்டது. கடைசியில் அந்த மூக்கில் தன் மீசை தெரியும்போது, அதைப் பார்த்தே மீசையை ஒதுக்கிக்கொள்வார்.

பிறகு உள்ளே நாளிதழைத் திணித்து, பூச்சி உருண்டை போட்டு, துணிப்பையில் கட்டி, பெட்டியில் வைத்து, அலமாரியில் பூட்டுவார். ரப்பர் சிலிப்பரை மாட்டிக்கொண்டு பாசாருக்கு மீன் வாங்கப் போவார்.

அந்தச் சப்பாத்தை அவர் ஒருநாள்கூடப் போட்டதில்லை.

மகள் தினேஸ்வரி கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது அது. தெலுக் இந்தான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியே காலத்தைக் கழித்த மனிதர், சிலிப்பரைத் தவிர வேறெதையும் காலில் கண்டதில்லை. “நல்லா போட்டுத் தேய்ங்கப்பா, தேஞ்சா இன்னொன்னு வாங்கித் தாரேன்” என்றாள். இவர் அதைக் கையில் வாங்கும்போதே கண் கலங்கிவிட்டார். கலங்கினதோடு நின்றிருக்கலாம். நல்ல நாள் ஒன்று வரட்டும் என்று எடுத்து வைத்தார். தீபாவளி வந்தது, மழை பெய்தது. தைப்பூசம் வந்தது, கோயில் வாசலில் கழற்றினால் திருடுபோகும் என்றார். கோப்பெங்கில் ஒரு கல்யாணம் வந்தது, அந்தக் கல்யாணத்துக்கு இது அதிகம் என்று விட்டுவிட்டார்.

மகளோ போனில் விடாமல் கேட்பாள். “சப்பாத்து போடுறீங்களாப்பா?”

“போடாம என்னா, நேத்துகூட அதுல தான்லா கோயிலுக்குப் போனேன்.”

பக்கத்தில் நிற்கும் மனைவி புனிதா தலையில் அடித்துக்கொள்வாள். “பொய் சொல்ற நேரத்துல ஒருக்கா போட்டுட்டு வந்திருக்கலாம்லா.”

மகள் ஊருக்கு வரும் நாளில் மட்டும் பெட்டிக்கு விடுதலை. வாசலில் செருப்பு அடுக்கில் அதை எடுத்து வைத்து, புழங்கின மாதிரி இருக்கட்டும் என்று பக்கத்தில் கொஞ்சம் மண்ணும் தூவி வைப்பார். இப்படியொரு மனிதரை என்ன செய்வது?

ஆனால் அந்தச் சப்பாத்துதான் சம்பந்தத்தையே முடித்து வைத்தது. தினேஸ்வரி காதலித்த பையன் மதீசன், ஈப்போவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவன் அப்பா ஸ்கந்தராஜா பெரிய அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வெளியே வர மாட்டார். பெண் பார்க்க வந்தபோது, வாசலில் தன் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் அடுக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கூடவே மூக்குக்கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

“இது ஆர் பொலிஷ் பண்ணினது?”

“நான்தாங்க.”

“தோலை இப்பிடிப் பாக்கிற மனிசர் பிள்ளையையும் ஒழுங்காத்தான் வளர்த்திருப்பார்” என்றார் ஸ்கந்தராஜா. பிறகு நடந்த பேச்செல்லாம் ஒப்புக்குத்தான். எந்த மெழுகு, எந்தத் துணி, மழைக்காலத்துப் பூஞ்சணத்துக்கு என்ன வழி என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போக, பெண்ணும் மாப்பிள்ளையும் ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உத்தியோகம் பார்த்தவர் தன்னைச் சரிசமமாக நடத்தியதில் பிச்சைமுத்துவுக்கு அன்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த மரியாதை கடைசிவரை நிலைக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு அவருடைய ஒரே கவலை.

காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. இரவு ஈப்போ மண்டபத்தில் விருந்து. நல்ல நாள் ஒருவழியாக வந்தேவிட்டது. பிச்சைமுத்து கோட்டு சூட்டோடு, சிலிப்பரில் மண்டப வாசல்வரை வந்து, அங்கே பெட்டியைத் திறந்து சப்பாத்தை மாட்டினார். வாசல் விளக்கெல்லாம் அதில் தெரிந்தது. ஸ்கந்தராஜா குனிந்து பார்த்து, “அற்புதம் சம்பந்தி” என்றார்.

சம்பந்திகள் இருவரும் முன்னால், மனைவிமார் பின்னால், அவர்களுக்குப் பின்னால் மணமக்கள் என்று ஏற்பாடு. வாசலிலிருந்து மேடைவரை சிவப்புக் கம்பளம். உறுமி மேளம் எழும்பியது.

நாலடி நன்றாகத்தான் போயிற்று. பிறகு வலது கால் ஏதோ புட்டின்மேல் வைத்த மாதிரி மெத்தென்று அமுங்கியது. கம்பளம் நல்ல தடிமன் போலிருக்கிறது என்று பிச்சைமுத்து நினைத்தார். அடுத்த அடியில் இடது காலும் அமுங்கியது. அதற்கடுத்த அடியில் ஒரு கால் உயரமாகவும் ஒரு கால் குள்ளமாகவும் ஆகிவிட்டது.

“என்னாங்க,” புனிதா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள், “உங்க காலுல இருந்து என்னமோ கொட்டுதுலா.”

குனிந்து திரும்பிப் பார்த்தார். சிவப்புக் கம்பளத்தில் வாசலிலிருந்து கருப்பாகத் துண்டு துண்டாக அவர் வந்த வழி தெரிந்தது. சப்பாத்தின் குதிகால் ஒன்று முழுசாகக் கழன்று கிடந்தது. புனிதா புத்திசாலி. சேலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேடையோ இன்னும் தூரத்தில் இருந்தது. காலைத் தூக்கினால் மிச்சமும் போய்விடும். தூக்காமல் இழுத்தார். வலது காலைச் சறுக்கி முன்னால் கொண்டுபோய், இடது காலை அதன் பின்னால் இழுத்து, விழாமல் இருக்கக் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார்.

உறுமிக்காரப் பையன்களுக்கு வேறு என்ன வேண்டும்? பெண்ணின் அப்பா ஆட்டத்தில் இறங்கிவிட்டார் என்று அடியை மாற்றினார்கள். மண்டபம் எழுந்து கை தட்டியது. செமோர்க்காரர்கள் பக்கமிருந்து விசில் பறந்தது. “அண்ணே, விடாதீங்க, போடுங்க” என்று ஒருவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு கூடவே வந்தார். கேமராக்காரர் எதிரே மண்டியிட்டார். நிறுத்தினால் மானம் போகும், நிறுத்தாவிட்டால் சப்பாத்து போகும். பிச்சைமுத்து முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்ட வைத்துக்கொண்டு இழுத்தபடியே போனார்.

கூட்டம் ஸ்கந்தராஜாவையும் விடவில்லை. காலர் கசங்காத அந்த மனிதர், சம்பந்தியைத் தனியே விடுவது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, தானும் காலைச் சறுக்கி நாலடி ஆடினார். அவருடைய மனைவி அதைப் பார்த்து வாயில் கை வைத்தவள் மேடை வரும்வரை எடுக்கவில்லை.

மேடையேறும் படிக்கு முன்னால் குத்துவிளக்கு. பிச்சைமுத்துவுக்கு அன்று அந்த விளக்கில் உண்மையாகவே தெய்வம் தெரிந்தது. “சாமி வெளக்கு, சப்பாத்தோட ஏத்தக் கூடாதுலா” என்று சத்தமாகச் சொல்லி, ஜோடியைக் கழற்றி, விளக்கு வைத்த மேசையின் துணிக்கு அடியில் காலாலேயே தள்ளினார். பக்திமான் என்று முன்வரிசைப் பாட்டிமார் மெச்சினார்கள்.

தள்ளியது போதவில்லை. தன் சப்பாத்தையும் கழற்றிய ஸ்கந்தராஜா, வாழ்நாள் பழக்கத்தில், எல்லா ஜோடியையும் நேராக வைக்கக் குனிந்தார். பிச்சைமுத்துவின் சப்பாத்தைத் தூக்கினார். மேல்பாகம் கையோடு வந்தது, அடிப்பாகம் கம்பளத்திலேயே இருந்துவிட்டது.

விளக்கேற்ற வந்த தினேஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள். “என்னாப்பா இது?”

“கடக்காரன் ஏமாத்திட்டான் போல” என்றார் பிச்சைமுத்து, வேறு வழியில்லாமல்.

ஸ்கந்தராஜா சப்பாத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரல் மடங்குகிற இடத்தை இரண்டு தரம் தடவினார். “ஏமாத்தேல்லை. அசல் தோல். அடியில மட்டும் ரப்பர் இல்லை, நுரை. போட்டு நடந்தா இன்னும் கொஞ்சக் காலம் தாங்கியிருக்கும். பெட்டியில பூட்டினா எங்கட ஊர்ப் புழுக்கத்தில கிடந்து உளுத்துப்போகும்.” குரலைத் தாழ்த்தினார். “தோலில ஒரு மடிப்புக்கூட இல்லை சம்பந்தி. இண்டைக்குத்தான் முதல்தரம் போட்டிருக்கிறியள்.”

பிச்சைமுத்துவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. செமோர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ரப்பர் எது, நுரை எது என்று தெரியாமல் போயிற்றே என்பதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. மகள் முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

“கோயிலுக்குப் போட்டுட்டுப் போனேன்னு சொன்னீங்களே” என்றாள் அவள்.

“மொத சம்பளம்மா. மண்ணுல வச்சு மிதிக்க மனசு வரல.”

தினேஸ்வரிக்கு மணப்பெண் அலங்காரமெல்லாம் கலையக் கண்ணீர் வழிந்தது. பிச்சைமுத்து பதறிப்போனார். அதற்குள் புனிதா கைப்பையைத் திறந்து அந்தக் குதிகாலை எடுத்து நீட்டி, “இந்தா, இதையும் ஒங்கப்பாகிட்ட குடு, பாலிஷ் போடட்டும்” என்றாள். அழுதுகொண்டிருந்த மகள் அப்படியே சிரித்துவிட்டாள். ஸ்கந்தராஜாவும் சிரித்தார். பிச்சைமுத்துவைப் பக்கத்தில் இழுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டார். அந்த இரவு முழுவதும் சம்பந்திகள் வெறுங்காலோடுதான் பந்தி விசாரித்தார்கள்.

அடுத்த வாரம் ஸ்கந்தராஜாவே சப்பாத்தை வாங்கிப் போய், தனக்குத் தெரிந்த ஆளிடம் அசல் ரப்பர் அடி வைத்துத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிச்சைமுத்து கூடத்தில் நாளிதழை விரிக்கவில்லை. அரைக்கால் சிலுவாரும் பனியனுமாக, காலில் அந்தப் பழுப்புச் சப்பாத்தோடு செமோர் பாசாருக்குக் கிளம்பினார். மீன்காரர் ஏற இறங்கப் பார்த்தார். மீன் கழுவிய தண்ணீர் தேங்கிய இடத்தில் கால் தானாகவே பின்வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வைத்தார்.

வீட்டு வாசலில் வந்து குனிந்து, விரல் மடங்கும் இடத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். உடனே போன் அடித்தது.

“மடிப்பு விழுந்திருச்சும்மா” என்றார்.

“நாளைக்கும் போடுங்கப்பா” என்றாள் தினேஸ்வரி.

“போடுறேன்” என்றார். இந்த முறை அது உண்மை.