உரக் கூடத்தில் ஒரு பூசணிக்கொடி

வர்த்தமானன் நயினாருக்கு ஓசியில் வரும் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. வல்லம் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. மாடுகளை விற்றாகிவிட்டது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட எரு இல்லை. திண்டிவனத்துக்கு வெளியே, நகரத்துக் குப்பையை உரமாக்கும் குத்தகைக்காரர் தினமும் லோடு லோடாகச் சும்மாவே தருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் டிராக்டரோடு வந்திருந்தார்.

"மீன் முள்ளு, கோழி எலும்பு எல்லாந்தான் அதுல கெடக்கும். பாத்து வாங்குங்க. கண்ணாடித் துண்டு ஒண்ணு இருந்தாலும் களை எடுக்கறவங்க காலு போச்சு" என்று மனைவி ரத்னமாலா எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

வாசலோரம் கறுப்பாய், பொலபொலவென்று ஒரு குவியல். அள்ளி மோந்தார். நல்ல வாசனை. மனசு இளகும் நேரத்தில்தான் கண்ணில் பட்டது: அதன் உச்சியில் ஒரு பூசணிக்கொடி படர்ந்து பிஞ்சு விட்டிருந்தது. நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, தினமும் லோடு போகிற குவியலில் கொடி எப்படி வேர் பிடிக்கும்?

"தம்பி, இதுலயே ஒரு லோடு ஏத்திடுங்க."

மேஸ்திரி நெடுஞ்செழியன் பதறினான். "அது வேணாம் நயினாரே. பின்னால புதுசா வெந்தது சூடா இருக்குது, அதத் தர்றேன்."

"சூடாத் தர்றதுக்கு இன்னா, இட்லியா? இரு, பாத்துட்டு வர்றேன்."

"அங்க போவாதீங்க, நாய் கட்டியிருக்கு!"

நாய் எதுவும் குரைக்கவில்லை.

"பேஜாரு பண்ணாதீங்க நயினாரே. விழுப்புரத்துலேர்ந்து செக்கிங்குக்கு மேடம் வந்துக்கினு இருக்காங்க. எங்க உரத்தத்தான் போடறேன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. லோடு உங்க கொல்லையிலயே வந்து எறங்கும்."

ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி அம்மா குவியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு நயினாரிடம் திரும்பினார். "இந்தக் கூடம் தொடர்ந்து நடக்கலாமான்னு பாக்க வந்திருக்கோம். இந்த உரத்தத்தான் போடறீங்களாய்யா?"

நெடுஞ்செழியன் கண்ணால் கெஞ்சினான். எரு போடாவிட்டால் இந்த விதைப்புப் பட்டம் போகும். கெட்டதைப் போட்டாலோ நிலமே போகும்.

"இன்னும் போடலீங்கம்மா. உங்க கண்ணு முன்னாலயே ஒரு மூட்ட அள்ளிக்கறேன்."

அவரே மண்வெட்டியை எடுத்தார். கொடியை நோகாமல் ஒதுக்கிவிட்டு வெட்டினார். ஒரு சாணுக்குக் கீழே வெட்டு இறங்காமல் சிக்கிக்கொண்டது. இழுத்தார். கொத்தாக வந்தன பால் கவர்கள், கிழிந்த துணி, உடைந்த பல்பு.

நெடுஞ்செழியன் பின்பக்கம் போகும் வழியை மறித்து நின்றுகொண்டான்.

"பின்னால இருக்கறதக் காட்டுங்க" என்றார் அந்த அம்மா.

"நானும் வர்றேங்கம்மா" என்று நயினார் காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லதா ஒரு கூடை கெடச்சாக்கூட எனக்கு வேணும். ஆனா நானே சலிச்சுத்தான் எடுத்துக்குவேன்."