நற்குணத்துக்கு நான்கு ஞாயிறு

ரூபினி, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வாரத்தில் ஆறு நாள், காலையில் தீவிலிருந்து ஃபெரி ஏறிக் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் போய், பிளாஸ்டிக் மூடிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கிவிட்டு, மாலையில் அதே ஃபெரியில் திரும்புவாள். நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுக்கு உயிர் வரும் நாள். டத்தோ கிராமாட்டில் ஒரு சின்னத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் அவள் பதினோரு வருடமாக ஞாயிறு பள்ளி டீச்சர்.

சபைக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னால் ஆராதனை நடக்கும். பின்னால் இருந்த அறையில் ரூபினியும் ஒன்பது பிள்ளைகளும்.

வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, வெளியே போனதும் தம்பியின் மண்டையில் குட்டுகிற பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள். அதனால் அவள் வகுப்பில் எல்லாமே கை வேலைதான். அந்த வருடம், ஆவியின் கனிகள் என்று பைபிள் சொல்லும் ஒன்பது குணங்களையும் மாதத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுத்து வந்தாள். நீடிய பொறுமைக்குப் பச்சைப் பயறு முளைக்கவைத்தார்கள். தயவுக்கு, தெருப் பூனைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் செய்தார்கள். ஜூன் மாதம் நற்குணம். அதற்கு நான்கு ஞாயிறு ஒதுக்கியிருந்தாள்.

முதல் ஞாயிறு, ஒவ்வொரு பிள்ளையும் மணிலா அட்டையில் தன் கையை வைத்து வரைந்தது. ஐந்து விரலிலும் அந்த வாரம் செய்யப்போகிற ஐந்து நல்ல காரியங்களை எழுத வேண்டும். செய்து முடித்த விரலுக்கு மட்டும் அடுத்த வாரம் வண்ணம்.

“நல்லவங்களா இருக்கறதுன்னா சும்மா உக்காந்து நல்லவங்களா இருக்கறது இல்ல. எழுந்து போய் யாருக்காச்சும் ஏதாச்சும் செய்யணும்,” என்றாள் ரூபினி.

பிள்ளைகள் பாத்திரம் கழுவுவது, பாட்டிக்குக் கால் பிடிப்பது என்று எழுதினார்கள். ஜெரூஷா மட்டும் ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. அவள் அம்மா சாந்தினி முன்னறை ஆராதனையில் பாடகர் குழுவில் இருந்தாள். ஜெரூஷா கடைசியில் ஐந்து விரலிலும் ஒரே காரியத்தை எழுதினாள்: ‘கலிமாவுக்கு ஃபிரெண்ட் ஆகணும்.’

“யாரும்மா கலிமா?”

“பின்னாடி லோரோங்ல இருக்கா, டீச்சர். படிக்கட்டுலயே உக்காந்திருப்பா. ஸ்கூலுக்குப் போகமாட்டா. அவளுக்கு யாருமே இல்ல.”

சபைக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் ஐந்து ரோஹிங்யா அகதிக் குடும்பங்கள் இருப்பது ரூபினிக்குத் தெரியும். ஆண்கள் புல் வெட்டப் போவார்கள், அட்டைப்பெட்டி பொறுக்குவார்கள். அவர்களுடைய பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வதில்லை. “நல்ல காரியம்மா, செய்,” என்றாள் ரூபினி. வேறு எதுவும் யோசிக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு ஜெரூஷா கலிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள்.

எட்டு வயதிருக்கும். தலையில் பூப்போட்ட முக்காடு. பெரியவர்களுடைய செருப்பு. முஸ்லிமை மதம் மாற்றுவது குற்றமான இந்த நாட்டில், முஸ்லிம் பிள்ளை கிறிஸ்தவச் சபையில் வந்து உட்கார்ந்தால் அது எங்கே போய் முடியும் என்று ரூபினிக்குத் தெரியாமல் இல்லை. மலாயில் கேட்டாள், “அம்மாவுக்குத் தெரியுமா?” கலிமா ஆம் என்று தலையாட்டினாள். மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே நகர்ந்து இடம் விட்டிருந்தார்கள்.

அனுப்பிவிடலாமா என்று ரூபினி ஒரு கணம் நினைத்தாள். போன வாரம்தான் இந்தப் பிள்ளைகளிடம் எழுந்து போய் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லியிருந்தாள். தனக்குள் ஒரு முடிவு எடுத்தாள்: இந்தப் பிள்ளை இருக்கும்போது ஜெபம் வேண்டாம், பாட்டு வேண்டாம், வசனம் வேண்டாம். வெட்டி ஒட்டுவது மட்டும். அதில் யாருக்கு என்ன கெட்டுப்போகும்?

கலிமா அதுவரை கத்தரிக்கோலைப் பிடித்ததில்லை. ஜெரூஷா அவள் விரல்களை வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினாள். அட்டையில் வரைந்த கையை வெட்டும்போது முதல் கோடு கோணலாகப் போனது. இரண்டாவது அட்டையைக் கேட்டு வாங்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அவ்வளவு மெதுவாக வெட்டினாள்; ஆராதனை முடிந்து பெரியவர்கள் காப்பி குடிக்க ஆரம்பித்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு ரொட்டி. ஒவ்வொருவரும் இரண்டு ரொட்டிக்கு ஜாம் தடவ வேண்டும். நன்றாக வந்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, மற்றதைத் தான் சாப்பிட வேண்டும். கலிமா இரண்டையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள்.

“டீச்சர், அவ ரெண்டையும் எடுத்துக்கிட்டா!” என்று ஒரு பையன் கத்தினான்.

“அடிக்,” என்றாள் கலிமா. வீட்டில் தம்பி இருக்கிறானாம். அப்புறம் விரலைக் காட்டினாள். இரண்டு தம்பிகள்.

ஜெரூஷா தன்னுடைய நல்ல ரொட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். அப்புறம் அந்தக் கத்தின பையன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். பதினோரு வருடத்தில் ரூபினி இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கண் கலங்க, கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தாள். பத்துப் பிள்ளைகள், மேசை நிறைய ரொட்டி, நடுவில் பூப்போட்ட முக்காடு, பின்சுவரில் மரச் சிலுவை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ‘இன்று நம் பிள்ளைகள் நற்குணத்தைக் கையால் செய்தார்கள்’ என்று கீழே எழுதினாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. யார் அனுப்பியது என்று கடைசிவரை தெரியவில்லை. கெட்ட எண்ணத்தோடு அனுப்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெருமையாக ஒரு மாமாவுக்கோ சிநேகிதிக்கோ அனுப்பியிருக்கலாம். முன்பின் தெரியாத யாரோ ஒருவன் அதை ஃபேஸ்புக்கில் போட்டு, தேவாலயத்தில் முஸ்லிம் பிள்ளைகளை ரொட்டி கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தான். கீழே ஆயிரத்துக்கு மேல் கருத்துகள். சபை இருக்கும் தெருவின் பெயரையும் யாரோ போட்டிருந்தார்கள்.

அன்றே பாஸ்டர் குணாளன் வேலை நேரத்தில் கூப்பிட்டார். ரூபினி மூடிகளை அப்படியே விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய்ப் பேசினாள்.

“என்னம்மா செஞ்சு வச்சிருக்க? முஸ்லிம் பிள்ள லா அது!”

“பாஸ்டர், ஜெபம்கூட பண்ணல. வெறும் ரொட்டி—”

“அத யாரு கேக்கப் போறா? படத்துல சிலுவ இருக்கு. பிள்ள தலையில துடோங் இருக்கு. போதும்லா. எனக்கு முப்பத்தி ரெண்டு குடும்பம் இருக்கும்மா. இந்த இடமும் போச்சுன்னா நாங்க எங்க போய் உக்காருவோம்?”

“அந்தப் பிள்ள வீட்டுல போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன், பாஸ்டர். அவங்க பயப்படுவாங்க.”

“அந்தப் பக்கமே போகாத. நீ போறத எவனாச்சும் படம் புடிச்சா அவ்வளவுதான்.”

அவள் போகவில்லை.

மறுநாள் மாலை சாதாரண உடையில் இரண்டு அதிகாரிகள் சபைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். பாஸ்டரின் அறையில் ரூபினியை உட்காரவைத்து, கைப்பேசியில் படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளையை யார் கூட்டிவந்தது என்று கேட்டார்கள்.

ஜெரூஷாவின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. “தானாக வந்தது,” என்றாள்.

எங்கே இருக்கிறாள்?

“தெரியாது.”

பெயர்?

அட்டையில் வெட்டின கையின் மேல் ஜெரூஷா எழுதிக்கொடுக்க, கலிமா பார்த்துப் பார்த்துத் தன் பெயரை எழுதின அந்த நேரம் ரூபினிக்கு ஞாபகம் வந்தது. “தெரியாது. எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது,” என்றாள்.

அவர்கள் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டர் ரூபினியின் பெயரில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். சபைக்குத் தெரியாமல், என் சொந்தப் பொறுப்பில், கவனக்குறைவாக நடந்தது என்று அதில் இருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை வகுப்பு கிடையாது என்றும் இருந்தது. ரூபினி கையெழுத்துப் போட்டாள்.

“மன்னிச்சிக்கம்மா,” என்றார் பாஸ்டர். உண்மையாகவே சொன்னார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. மருத்துவரிடம் போகவேண்டும் என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறினாள். வெயில் கொளுத்தும் நேரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்து படியேறினாள். மாடிக் கதவில் புதுப் பூட்டு. படிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் குழந்தைப் பாயும் கிடந்தன. கீழே சைக்கிள் பழுது பார்க்கும் சீனக் கிழவர் அவளைப் பார்த்துவிட்டு, அவள் கேட்பதற்கு முன்பே இல்லை என்று தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டாராம். இங்கே அதிகாரிகள் வந்தால் தனக்கு வம்பு என்று ஐந்து குடும்பத்தையும் உடனே கிளம்பச் சொல்லிவிட்டாராம். நேற்றுக் காலை ஒரு லாரியில் போனார்கள். எங்கே என்று கேட்டதற்கு, “செபெராங்,” என்று கடலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

நேற்றுக் காலை. செவ்வாய் மாலையே வந்திருந்தால் பார்த்திருக்கலாம். பார்த்து என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பார்த்திருக்கலாம்.

அந்தப் பக்கத்தில்தானே அவள் வேலை செய்கிறாள். இரண்டு மாதம், சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்ப்பவளின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மாக் மண்டின் பட்டறைகளுக்குப் பின்னாலும், தொழிலாளர் வீடுகளுக்கு இடையிலும் தேடினாள். முக்காடு போட்ட பெண்களைக் கண்டால் நிறுத்தி, கலிமா என்று எட்டு வயதுப் பிள்ளை, இரண்டு தம்பி, என்று கேட்பாள். யூ.என். அகதி கார்டு வைத்திருந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி பெயர் சொல்லி ஒரு பிள்ளையைத் தேடுகிறாள் என்றால் அவர்களுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: பின்னாலேயே அதிகாரிகள் வருகிறார்கள். ஒரு நாள், அவள் கேட்டுவிட்டுத் திரும்பியதும், அந்த வரிசையில் இருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அன்றோடு தேடுவதை நிறுத்திவிட்டாள்.

செப்டம்பரில் ஞாயிறு பள்ளி மறுபடி தொடங்கியது. ரூபினியைக் கூப்பிடவில்லை. பாஸ்டரின் மருமகள் அச்சடித்த தாள்களைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னாள். சந்துப் பக்கத்துப் பின்கதவைப் பூட்டி வைத்தார்கள். ரூபினி ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் காப்பி குடிக்காமல் கிளம்பிவிடுவாள். அவளிடம் யாரும் முகம் கொடுக்காமல் இருக்கவில்லை. எல்லோரும் பேசினார்கள், அளவாக.

சாந்தினி குடும்பம் சபையை விட்டே போய்விட்டது. ஜெரூஷா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கத்தில் அழுகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பாசாரில் ரூபினி அவர்களைப் பார்த்தாள். சாந்தினி மீன் கடையில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஜெரூஷா கொஞ்சம் தள்ளி, ஈரத் தரையில் கால் படாமல் ஒரு மரப்பெட்டியின் மேல் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். ரூபினியைக் கண்டதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இறங்கி வந்தாள்.

“டீச்சர்.”

“எப்படிம்மா இருக்க?”

“கலிமா எங்க, டீச்சர்?”

“தெரியலம்மா. அந்தப் பக்கம் எங்கேயோ போயிட்டாங்க. நான் தேடிப் பாத்தேன்.”

ஜெரூஷா தலையைக் குனிந்துகொண்டாள். மீன்காரன் பனிக்கட்டியை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, வெகுநாள் யோசித்து வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி, கேட்டாள்.

“நான் கூப்பிடாம இருந்திருந்தா அவங்க அந்த வீட்டுலயே இருந்திருப்பாங்கல்ல?”

ரூபினிக்கு எத்தனையோ பதில்கள் தோன்றின. படம் பிடித்தது நான்தான் என்று சொல்லலாம். கேட்டபோது தெரியாது என்று சொன்னதும் நான்தான் என்று சொல்லலாம். நீ செய்தது நல்லது, உலகம்தான் கெட்டது என்று சொல்லலாம். ஆனால் பிள்ளை கேட்டது அதை இல்லை. அது கேட்டதற்குப் பதில் ஆமாம் என்பதுதான்.

“இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல,” என்றாள்.

ஜெரூஷா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்கிற பெரியவர்களைப் பார்க்கிற பார்வை. கோபம்கூட இல்லை அதில்.

“ஜெரூஷா!” சாந்தினி மீன் பையோடு திரும்பியிருந்தாள். ரூபினிக்கு லேசாகத் தலையசைத்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இருவரும் கூட்டத்துக்குள் போனார்கள். ரூபினி எதற்காகப் பாசாருக்கு வந்தோம் என்பது மறந்துபோய், அந்த மரப்பெட்டியின் அருகில், ஆட்கள் இடித்துக்கொண்டு போக, நின்றுகொண்டிருந்தாள்.